ரீல்ஸ், ஸ்டேட்டஸ், நீல டிக்: மனதை அரிக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

சமூக ஊடகத்தால் மனம் சரியில்லை என்று வீட்டில் சொன்னால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "போனைக் கீழே வை." எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. துபாயில் வேலை பார்க்கும் கணவரோடு பேசுவது அந்தப் போனில்தான். பிள்ளையின் வீட்டுப்பாடம் வருவதும் அதில்தான். முன்பின் தெரியாத இரண்டு பேர் கமெண்டில் போடும் சண்டையை நள்ளிரவில் படித்துக் கொதிப்பதும் அதே போனில்தான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'ஸ்கிரீன் டைம்' என்று பெயர் வைத்துவிட்டால், வலிக்கும் இடம் எது என்று கடைசி வரை தெரியாது.

ஆய்வுகளைப் படித்தாலும் இதே குழப்பம் வரும். ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019இல் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பதின்வயதினரின் தகவல்களை அலசினார்கள். மனநலத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில், டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடிவது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றது அந்த ஆய்வு. ஆனால் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளியே கொண்டுவந்த அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வேறு ஒன்றைக் காட்டின. தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணர்ந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த எண்ணத்தை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருந்தார்கள்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். எல்லோரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பாதிப்பு சிறியது. ஏற்கெனவே புண்ணாக இருக்கும் இடத்தில் படும்போது பெரியது. அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு. உங்களுடையது எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் குறிவைத்து மாற்றுவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

தொடங்கும் முன்: செயலி உங்களை எப்படிப் படிக்கிறது

ஒரு இளம் தாயை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஐந்து மாதம். இரவு மூன்று மணிக்குப் பால் கொடுக்கும்போது தூக்கம் வராமலிருக்க ரீல்ஸ் பார்க்கிறார். 'ஐந்து மாதக் குழந்தை குப்புற விழவில்லையா?' என்று ஒரு வீடியோ வருகிறது. அவருடைய குழந்தை இன்னும் குப்புற விழவில்லை. கை நிற்கிறது. முழுதாகப் பார்க்கிறார், மறுபடி ஒருமுறை பார்க்கிறார், கமெண்டுகளையும் படிக்கிறார். அவருக்கு அந்த வீடியோ பிடிக்கவில்லை, பயமாகத்தான் இருந்தது. செயலியின் கணக்கில் ஏறுவது அவர் நின்ற விநாடிகள்தான். பிடித்து நின்றாரா, பயந்து நின்றாரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அடுத்த இரவு எடை குறைந்த குழந்தைகள், அதற்கடுத்த இரவு வளர்ச்சிக் குறைபாட்டின் அறிகுறிகள். ஒரு வாரத்தில் அவர் போன் முழுக்க நோயுற்ற குழந்தைகள். தன் குழந்தைக்கும் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் உறுதியாகிவிடும். தடுப்பூசி போடப் போனபோது "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று டாக்டர் சொன்னது மனதில் நிற்காது.

இதில் அந்தத் தாயின் மன உறுதிக் குறைவு எதுவும் இல்லை. கீழே இழுக்க இழுக்க முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் திரையை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதற்காக வருந்துவதாக அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். ஃபேஸ்புக்கின் லைக் பொத்தான் 2009இல் வந்தது. அடுத்து வரப்போவது நல்லதா சப்பையா என்று தெரியாதபோதுதான் கை நிற்காமல் இழுக்கும். எப்போது பரிசு வரும் என்று கணிக்க முடியாவிட்டால் விலங்குகள் விடாமல் முயல்வதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். எதிர்ப்பக்கம் இவ்வளவு யோசித்துச் செய்திருக்கும்போது, "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று உங்களையே திட்டிக்கொள்வதில் நியாயம் இல்லை, பலனும் இல்லை. செட்டிங்ஸை மாற்றுவதில் பலன் உண்டு.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்றும், ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்றும் ஒரு பகுதி இருக்கும். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம், எத்தனை முறை போனைத் திறந்தீர்கள், எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது என்று அதில் தெரியும். மொத்த நேரத்தை விட்டுவிடுங்கள். எத்தனை முறை திறந்தீர்கள் என்ற எண்ணைப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் அதிர்ச்சி அடைவது அதில்தான்.

போன் சொல்லாத ஒன்றை நீங்கள்தான் எழுத வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மூன்றே விஷயம்: எடுக்கும் முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், வைத்த பிறகு மனம் எப்படி இருந்தது. 'மதியம், பாத்திரம் கழுவி முடித்தேன், நாத்தனார் ஸ்டேட்டஸ், எரிச்சல்.' இவ்வளவு போதும். எல்லா முறையும் எழுத வேண்டாம், மனம் ஒரு பக்கம் சாய்ந்த நேரங்களை மட்டும் எழுதுங்கள். நல்லபடி சாய்ந்ததையும் எழுதுங்கள். பழைய கல்லூரித் தோழியின் குரல் செய்தி கேட்டு அரை நாள் சந்தோஷமாக இருந்திருந்தால், அது வெட்டக் கூடாத பகுதி.

இந்தப் படியைத் தாண்டிப் போகத் தோன்றும். தாண்டாதீர்கள். 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட் குழுவினர் 143 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்துக்குள் நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் அவர்களுடைய தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. வழக்கம்போலப் பயன்படுத்திய மற்றப் பிரிவினர் தங்கள் பயன்பாட்டைக் கணக்கு மட்டும் காட்டி வந்தார்கள். அவர்களுக்கும் பதற்றமும், எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் குறைந்திருந்தன. கவனிப்பதே பாதி மருந்து.

படி 2: உங்களை அரிப்பது எது?

வார முடிவில் அந்தத் தாளை எடுத்துப் படித்தால், கசப்பான நேரங்களில் பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்கும்.

*ஒப்பீடு.* மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் மனிதன் தன்னை மதிப்பிடுகிறான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதினார். அன்று ஒப்பிட ஒரு தெரு இருந்தது, ஒரு வகுப்பறை இருந்தது. அந்தத் தெருவில் மாமியார் சண்டையும் கேட்கும், கடன்காரன் வந்து நிற்பதும் தெரியும். ஸ்டேட்டஸில் கிரகப்பிரவேசம் மட்டும்தான் தெரிகிறது, வீட்டுக்கடன் தவணை தெரிவதில்லை. குழந்தை இல்லாத தம்பதிக்கு வளைகாப்புப் படங்கள், வேலை போனவருக்கு லிங்க்ட்இன், முப்பத்தைந்து வயதில் வரன் அமையாதவருக்கு முகூர்த்த மாதங்கள். இதில் நம்மைக் குத்துவது பெரும்பாலும் சினிமா நட்சத்திரம் அல்ல. நம்மோடு படித்தவர், நம் சொந்தக்காரர். இந்த வகையைப் பற்றி வெளியே பேசத்தான் கூச்சம் அதிகம், பொறாமைக்காரர் என்ற பெயர் வந்துவிடும் என்று. பொறாமைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அவர் கெட்டுப்போகட்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை, "நான் மட்டும் பின்தங்கிவிட்டேன்" என்றுதான் நினைக்கிறீர்கள். அது துக்கம். துக்கத்தை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது.

*பயம்.* அந்த இளம் தாய் இந்த வகை. ஓய்வுபெற்ற பிறகு நாள் முழுக்க யூடியூப் செய்தி பார்க்கும் அப்பாவும் இந்த வகை. இலங்கைத் தமிழர் வீடுகளில் மே மாதம் வந்தால் முள்ளிவாய்க்கால் காட்சிகள் போனில் மீண்டும் மீண்டும் வரும். நினைவுகூர்வது தேவை. ஆனால் எச்சரிக்கை இல்லாமல், ஒரு சமையல் வீடியோவுக்கும் ஒரு நகைச்சுவைக்கும் நடுவே அது வந்து விழுவதை உடம்பு தாங்குவதில்லை.

*காத்திருப்பு.* நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போட்டோ போட்டாயிற்று, யார் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது.

*சண்டை.* அரசியல், சாதி, நடிகர் ரசிகர் மோதல். வாதம் முடிந்த பிறகும் மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டே இருப்பது இதன் அடையாளம்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், உங்கள் தாளில் அதிகம் வந்ததை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போனால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும்.

படி 3: அந்தக் கதவை மட்டும் மூடுங்கள்

ஒப்பீடு என்றால் முதலில் மியூட். வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட ஒருவரின் ஸ்டேட்டஸை அழுத்திப் பிடித்தால் 'மியூட்' வரும். இன்ஸ்டாகிராமில் அவருடைய பக்கத்திலேயே அந்த வசதி உண்டு. அவருக்குத் தெரியாது, உறவும் முறியாது. சொந்தக்காரர்களை பிளாக் செய்வது அடுத்த கல்யாணத்தில் பஞ்சாயத்தாகிவிடும் என்பதால், நம் குடும்பங்களுக்கு மியூட்தான் சரிப்பட்டு வரும். விசேஷம் என்று தெரிந்தால் போன் போட்டு வாழ்த்துங்கள். குரலில் வாழ்த்தும்போது அந்த வலி வேறு மாதிரி இருக்கும், பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

பயம் என்றால், உங்களைப் பற்றிச் செயலி சேர்த்து வைத்திருப்பதை அழிக்க வேண்டும். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, இனிமேல் பதிவாகாதபடி நிறுத்திவிட்டால், முகப்பில் பரிந்துரை வீடியோக்களே வராது. தேடினால்தான் கிடைக்கும். அப்பாவின் போனில் செய்து கொடுக்கக்கூடிய ஆகச் சிறந்த உதவி இதுதான் என்பேன், அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் பரிந்துரைகளை ரீசெட் செய்யும் வசதி உண்டு. ரீசெட் செய்த பின் முதல் சில நாட்கள் கவனம் தேவை. பயமுறுத்தும் வீடியோ வந்தால் நிற்காமல் தள்ளிவிடுங்கள் அல்லது 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுங்கள். திட்டி கமெண்ட் போட்டாலும் அது அந்த வீடியோவுக்கு நீங்கள் கொடுத்த நேரம்தான். குழந்தை வளர்ச்சி பற்றிய சந்தேகத்துக்குத் தடுப்பூசி அட்டை கொடுத்த செவிலியரும் குழந்தை மருத்துவரும் இருக்கிறார்கள். கேள்வியை எழுதி வைத்து அடுத்த முறை கேளுங்கள். மனம் அதுவரை பொறுக்காவிட்டால் மறுநாளே போய்க் கேளுங்கள்.

காத்திருப்பு என்றால் வாட்ஸ்அப் பிரைவசியில் 'ரீட் ரிசீட்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். தனி உரையாடல்களில் நீங்கள் படித்தது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. அந்த இரண்டாவது பகுதிதான் மருந்து. இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைத்து வைக்கலாம்.

சண்டை என்றால் அந்தக் குரூப்பை 'எப்போதும்' என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். வெளியேறினாலும் இப்போது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். யார் வேண்டுமானாலும் உங்களை குரூப்பில் சேர்க்கும் வசதியையும் பிரைவசியில் மாற்றி, 'என் தொடர்புகள் மட்டும்' என்று வையுங்கள்.

நோட்டிஃபிகேஷனைப் பொறுத்தவரை எல்லா வகையினருக்கும் ஒரே விதி: மனிதர் உங்களை நேரடியாக அழைத்தால் ஒலிக்கட்டும், மற்ற எதுவும் ஒலிக்க வேண்டாம்.

படி 4: இரவு

ஒரே ஒரு மாற்றம்தான் முடியும் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். பகலில் சாதாரணமாகத் தள்ளிவிடும் ஒரு சொல், இரவு பன்னிரண்டு மணிக்குப் பெரிதாகத் தெரியும். தூக்கம் கெட்டால் மறுநாள் பொறுமை இருக்காது, பொறுமை இல்லாத மனம் மறுபடி போனைத்தான் தேடும்.

போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். "அலாரம் வைக்கணுமே" என்பதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள். "ஊரில் அம்மாவுக்கு ஏதாவது ஆனால்?" என்ற கவலை நியாயமானது. 'டு நாட் டிஸ்டர்ப்' அமைப்பில் குறிப்பிட்ட எண்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படியும், யாராவது அடுத்தடுத்து இருமுறை அழைத்தால் ஒலிக்கும்படியும் வைக்க முடியும். போன் கூடத்தில் இருந்தாலும் சத்தம் கேட்கும். ஒரே அறையில் குடும்பமே படுக்கும் வீடு என்றால், கை எட்டாத அலமாரி மேல். இரவு வேலைக்குப் போகிறவர்கள் இதையே பகல் தூக்கத்துக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

படுக்கும் நேரம்தான் தனக்கென்று கிடைக்கும் ஒரே நேரம் என்று பல பெண்கள் சொல்கிறார்கள். உண்மைதான். நாள் முழுக்கப் பிறருக்காக ஓடியவர் ஒரு மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க ஆசைப்படுகிறார். அவரிடம் "போனை வை" என்பது கொடுமை. வீட்டில் மற்றவர்கள் இரவுச் சமையலறை வேலையை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்தை எட்டு மணிக்கே அவருக்குக் கொடுத்தால் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். இது செட்டிங்ஸில் இல்லாத தீர்வு.

படி 5: விட்டுப் பார்ப்பது (விரும்பினால்)

2018இல் அமெரிக்க இடைத்தேர்தலுக்கு முன் ஹன்ட் ஆல்காட் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள்: ஒரு பிரிவினர் பணம் பெற்றுக்கொண்டு நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைத்தார்கள். நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை மேம்பட்டது, ஆனால் சிறிதளவே. நாட்டு நடப்புச் செய்தி தெரிவது குறைந்தது. சோதனை முடிந்த பிறகும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள்.

நான்கு வாரம் ஒரு செயலியை மட்டும் நீக்கிப் பார்ப்பது நல்ல வழி. வாட்ஸ்அப்பை நீக்க வேண்டாம், வேலையும் பள்ளியும் அதில் இருக்கின்றன. முன்கூட்டியே நான்கைந்து பேரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "என்ன கோவம்?" என்று கேட்பார்கள். முதல் சில நாட்கள் கை தானாகப் போனைத் தேடும், சலிப்பாக இருக்கும். அந்த இடத்தில் ஏதாவது இல்லையென்றால் ஷார்ட்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். என்ன வைப்பது என்பதற்கு உங்கள் தாளில் நல்லபடி சாய்ந்த நேரங்களைப் பாருங்கள். தோழியின் குரல் என்றால், வாரம் ஒருநாள் அவரை அழையுங்கள்.

படி 6: வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால்

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துவிட்டது. சட்டம் எப்படி இருந்தாலும் வீட்டுக்குள் நடப்பது வேறு. பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லாமல் மறைப்பதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு: சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். வகுப்பு குரூப்பில் தன் படத்தை வைத்து ஸ்டிக்கர் செய்து சிரிக்கிறார்கள் என்று மகள் சொன்னால், தண்டனை அவளுக்குத்தான் கிடைக்கிறது. ஆகவே முதலிலேயே வாக்குக் கொடுங்கள்: "என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லு கண்ணு. அதுக்காகப் போனை வாங்கிக்க மாட்டேன்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

வேவு பார்ப்பதைவிட, சாப்பிடும்போது "இன்னைக்கு என்ன வந்துச்சு, காட்டு" என்று கேட்டுச் சேர்ந்து பார்ப்பதில் அதிகம் தெரியவரும். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண் ஸ்டேட்டஸாக வந்து குவியும். அன்று உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை நீங்களும் போடாமல் இருங்கள், அது நல்ல மதிப்பெண்ணாக இருந்தாலும். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

படத்தை மார்ஃப் செய்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, இந்தியாவில் என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930ஐ அழையுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும்தான் போகும். இந்தியாவில் சிறுவர்களுக்கு 1098 என்ற உதவி எண்ணும் உண்டு.

படி 7: இது போனோடு முடியும் விஷயமா?

மேலே சொன்னவற்றைச் செய்தும் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகவில்லை என்றால், போன் காரணமாக இல்லாமல் அறிகுறியாக இருக்கலாம். மனச்சோர்வில் இருப்பவர் வேறு எதற்கும் தெம்பில்லாமல் போனுக்குள் ஒதுங்குவது உண்டு. அவரிடம் போனை மட்டும் பறித்தால் இருந்த ஒரு துணையும் போய்விடும். அவருக்குச் சிகிச்சை தேவை, அது கிடைக்கும்.

இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பு 044-24640050. இலங்கையில் மனநல உதவி எண் 1926. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அது சும்மா வந்துபோகும் எண்ணம்தான் என்று தோன்றினாலும், அன்றே அழையுங்கள், பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள். போன் பழக்கமே கைமீறிப் போனவர்களுக்காக பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் ஷட் கிளினிக் என்ற தனிப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டாக்டரிடம் "ரொம்ப போன் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எதைப் பார்த்தால் மனம் விழுகிறது, எத்தனை வாரமாக இப்படி இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்று தோன்றியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.